காலித்தட்டுக்காரி விட்டுவைத்த நகல்

லென்ஸின் விளிம்பைக் கல்லில் தேய்க்கும்போது அவள் யாரோடும் பேசமாட்டாள். கட்டைவிரல்கள் இரண்டும் லென்ஸின் நடுவில் இருக்கும், மற்ற விரல்கள் ஓரத்தைப் பிடித்திருக்கும். சுழலும் கல்லின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ, லென்ஸைத் திருப்பிக்கொண்டே இருப்பாள். வெள்ளைச் சேறு மணிக்கட்டில் வழியும். பெரிய வெட்டுகளையெல்லாம் இயந்திரமே செய்துவிடும். கடைசி மயிரிழைக்கு மட்டும் கை வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்ந்தால் லென்ஸ் ஃபிரேமுக்குள் ஆடும். குறைவாகத் தேய்ந்தால், பொருத்தும்போது ஓரம் தெறிக்கும்.

அந்தப் புதன்கிழமை மதியம் அவள் அப்படித்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேசைமேல் இருந்த போன் அடித்தது. அவளுடைய தம்பி. நான் வீட்டுக்குள்ளிருந்து சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு கடைப் பக்கம் வந்தேன்.

"பெரியம்மா, அதை ஸ்பீக்கர்ல போடுங்க. கை ஈரம்."

போட்டேன்.

"அக்கா, முதியோர் ஹோம்ல ஒரு கட்டில் காலியாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை காலைல வேனோட வர்றேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன்."

அவள் கல்லை நிறுத்தினாள். பாதி லென்ஸில் அவள் கல்லை நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

"யாரைக் கேட்டு?"

"உன்னைக் கேட்டா நீ உண்மையைச் சொல்லப் போறியா? அந்த நர்சம்மா வர்றாங்களா இல்லையான்னே எனக்குத் தெரியல. மாசக்கணக்கா அவங்ககிட்டேருந்து ஒரு வரி இல்ல."

"தினம் எழுதுறாங்கடா!"

"எங்க எழுதுறாங்க, சுவத்துலயா? எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் மெயில் வருது. அதுவும் நீ எழுதுறது. 'அம்மா நல்லா இருக்காங்க, சாப்பிட்டாங்க, தூங்கினாங்க.' திங்கக்கிழமை பாத்தா அதுவும் காணோம். எழுதுறதும் நீ, அழிக்கிறதும் நீ. என்ன நடக்குது அந்த வீட்டுல?"

"ஒண்ணும் நடக்கலடா. அம்மா இங்க நல்லாத்தான்..."

"வண்டி கிளம்பப் போகுது. போனை அணைக்கணும். ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்."

அவன் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். வண்டியில் ஏறினால் போனை அணைத்துவிட வேண்டும். இறங்கும் ஊரும் வேறு, நேரமும் வேறு. அதனால்தான் இந்த வீட்டில் அம்மாவைப் பற்றிய செய்தியெல்லாம் மெயிலில் போகும்படி ஏற்பாடு.

ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அவர்களுடைய அம்மாவுக்கு மூளையில் ரத்த அடைப்பு வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் தெளிவாக இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தவன் மகன். பொறுப்பாளர் என்று அங்கே அவன் பெயர்தான் இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவள் மகள். பகலில் பார்த்துக்கொள்ள என்னை அமர்த்தினார்கள். நான் நர்ஸ் இல்லை. வீட்டுப் பராமரிப்புக்குப் பயிற்சி எடுத்து, அதே வேலையில் வயதானவள். மகள் என்னைப் பெரியம்மா என்பாள், தம்பிக்காரன் நர்சம்மா என்பான். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கென்று பொதுவாக ஒரு மெயில் முகவரி வைத்தார்கள். ஆஸ்பத்திரி எழுதுவதும் அதற்குத்தான், நான் மாலையில் கிளம்புமுன் எழுதும் அன்றாடக் குறிப்பும் அதற்குத்தான். சாப்பாடு, தண்ணீர், மலம், தூக்கம், தோல், எந்தப் பக்கம் எப்போது திருப்பிப் படுக்க வைத்தேன் என்பது. எனக்கு ஞாயிறு விடுமுறை. அன்றைக்கு மகள் தன் போனிலிருந்து எழுதுவாள். அக்கா, தம்பி இரண்டு பேருக்கும் பாஸ்வேர்டு தெரியும், இரண்டு பேரும் திறந்து பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

இனி அவளைப் பற்றி. அந்தத் தெருவில் அவளுக்குக் காலித்தட்டு என்று பெயர். கண்ணாடிக் கடைகளும் கண் மருத்துவர்களும் அனுப்பும் ஆர்டர்களுக்கு லென்ஸ் வெட்டிப் பொருத்தித் தருகிறவள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தட்டில் ஃபிரேம், இரண்டு லென்ஸ், பவர் எழுதிய தாள். வேலை முடிந்தால் தட்டு காலி. சாயங்காலம் ஷட்டரை இறக்குமுன் எல்லாத் தட்டும் காலியாகி, கழுவி, கவிழ்த்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு தட்டில் ஏதாவது மிச்சம் இருந்தால் அவளுக்குச் சோறு இறங்காது.

பள்ளி முடித்ததும் ஒரு லென்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தவள். அங்கே இவள் தட்டில் மிச்சம் கிடந்த வேறொரு ஆர்டரின் லென்ஸை யாரோ எடுத்துப் பொருத்திவிட, ஒரு பள்ளி ஆசிரியை இரண்டு வாரம் தலைவலியோடு மாடிப்படியில் தடுக்கித் தடுக்கி விழுந்தாராம். அன்றைக்குப் பிடித்த பழக்கம். "மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தான் பெரியம்மா அது தப்பான எடத்துக்குப் போகும்" என்பாள். கல்யாணமும் செய்துகொண்டவள்தான். கணவர் இப்போது வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியம். அதைப் பற்றி அவள் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "அந்த ஆர்டர் ரிட்டர்ன் ஆயிடுச்சு." சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

தம்பி போனை வைத்ததும் அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க போனைக் குடுங்க" என்றாள். கொடுத்தேன். நான் அனுப்பிய குறிப்புகள் வரிசையாக இருந்தன. கடைக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதிலும் எல்லாம் இருந்தன. அவள் போனைத் திறந்தாள். காலி.

"உங்ககிட்ட இருக்கு. கடையில இருக்கு. அவன்கிட்ட இல்ல, என் போன்லயும் இல்ல."

"உன் போன்ல இல்லாதது இத்தனை நாளாத் தெரியலையா?"

"காலியா இருந்துச்சா, நல்லதுன்னு விட்டுட்டேன்" என்றாள்.

வேறு யாராக இருந்தாலும் வெறும் பெட்டியைப் பார்த்துப் பதறியிருப்பார்கள். இவளுக்கு நிம்மதி வந்திருக்கிறது. இப்படியொரு தப்பை உலகத்தில் இவள் ஒருத்தியால்தான் செய்ய முடியும்.

கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தவருக்குப் போன் செய்தாள். அவர் சிரித்தார்.

"அக்கா, நீங்கதானே சொன்னீங்க, ஆர்டர் மெயில் எங்கயும் மிச்சம் இருக்கக்கூடாது, எல்லாம் கடைக்கு வந்து சேந்துடணும்னு? அப்படித்தான் வச்சுக் குடுத்தேன். அப்புறம் நீங்களா அம்மா மெயிலையும் அதே புரோகிராம்ல சேத்திருக்கீங்க, அதே மாதிரி."

அவர் விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி எழுதுகிறேன். மெயில் முதலில் வந்து சேரும் இடம் சர்வர். அது எங்கோ இருக்கும் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர். போன் அந்தச் சர்வரை எட்டிப் பார்த்து, அங்கே இருப்பதைக் காட்டுகிறது. கடையில் இருக்கும் புரோகிராம் அப்படி இல்லை. அது போய் மெயிலை எடுத்துக் கடைக்குக் கொண்டுவந்துவிடுகிறது. 'சர்வரில் ஒரு நகலை விட்டுவை' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போடாவிட்டால், எடுத்துக்கொண்ட கையோடு அங்கே துடைத்துவிடும். கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் புரோகிராம் ஓடுகிறது. நான் சாயங்காலம் எழுதி அனுப்பியதும் அது வந்து அள்ளிக்கொண்டு போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு, கம்ப்யூட்டரும் தூங்கும். அன்றைக்கு அக்கா எழுதியது மட்டும் தம்பி கண்ணில் படும். திங்கள் காலை ஷட்டர் ஏறியதும் அதுவும் போய்விடும்.

அவன் சந்தேகப்பட்டதில் தப்பே இல்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் புதன்கிழமையே வேனோடு வந்திருப்பேன்.

"என்கிட்ட இருக்கறதை எல்லாம் இப்பவே அவனுக்கு மறுபடி அனுப்பிடறேன்" என்றேன்.

"தேதி?"

"என்ன தேதி?"

"இன்னிக்குத் தேதியில வந்து விழும். உள்ள பழைய தேதி இருக்கும், ஆனா அதை யார் வேணும்னாலும் தட்டலாம். நான் கேள்வி கேட்டதுக்கப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து எழுதிட்டாங்கன்னு சொல்லுவான். நானா இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன்."

"அப்போ ஞாயித்துக்கிழமை வரட்டும். கடைக் கம்ப்யூட்டரைக் காட்டு."

"வேன் வாசல்ல நிக்கும்போது எவன் உக்காந்து படிப்பான் பெரியம்மா? வர்ற வழியிலேயே படிச்சிருக்கணும். எந்தெந்த தேதியில வந்துச்சோ அந்தந்த தேதியில, அந்தப் பெட்டியிலேயே அவன் பாக்கணும்."

சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். நகலை விட்டுவைக்கும் கட்டத்தைத் தேடிப் பிடித்து டிக் போட்டாள். "இனிமே வர்றது அங்கயே நிக்கும். பழசுக்கு வழி பாக்கணும்." பிறகு பாதியில் விட்ட லென்ஸை எடுத்துத் தேய்த்து முடித்தாள். வாடிக்கையாளர் காத்திருக்கிறாரே.

அன்று வேலை இழுத்துவிட்டதால், அவள் கடையை மூடிய பிறகுதான் நான் குறிப்பு அனுப்பினேன். வியாழக்கிழமை காலை தம்பியிடமிருந்து ஒரு வரி வந்தது: 'நர்சம்மா மெயில் வந்தது.' அவள் முகம் தெளிந்தது. அது மாலை வரைக்கும்தான்.

சாயங்காலம் அவன் கூப்பிட்டான். "அக்கா, என்கூட கண்ணாமூச்சி ஆடுறியா? காலைல ஒண்ணு இருந்துச்சு. இப்ப திரும்பப் படிக்கலாம்னு பாத்தா அது இல்ல."

"இருக்கும்டா, நல்லாப் பாரு."

"நான் சிக்னல் பாத்து வண்டி ஓட்டுறவன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்படின்னா கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு."

"உன் வீட்டுல எல்லாமே கோளாறுதான். அம்மாவை மட்டும் முழுசாக் குடு, போதும்" என்று வைத்துவிட்டான்.

அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டாள். தட்டுகளை இன்னொரு முறை கழுவுவாள். அன்றைக்கு எல்லாவற்றையும் கழுவினாள். எனக்கும் வீட்டுக்குப் போக மனமில்லை. அம்மாவுக்குப் படுக்கைப் புண் ஒருமுறை வந்து ஆறியிருந்தது. இடம் மாறினால் புதிய ஆட்கள், புதிய நேரம். மறுபடி வர அதிக நாள் பிடிக்காது. அந்த ஹோம் மோசமான இடம் என்று நான் சொல்லவில்லை. அங்கே நான் வேலை செய்திருக்கிறேன். ஒரு கூடத்துக்கு எத்தனை பேர் படுத்திருப்பார்கள், திருப்பிப் படுக்க வைக்க எத்தனை கை இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் அதைச் சொல்லியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை, கடை திறக்குமுன், அவள் அந்த செட்டிங்ஸ் பக்கத்தை வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள், பவர்த் தாளைப் படிப்பதுபோல. நகலை விட்டுவை என்ற கட்டத்துக்குக் கீழேயே இன்னொரு கட்டம் இருந்தது. அதில் ஏற்கெனவே டிக் இருந்தது.

"'இன்பாக்ஸிலிருந்து அழிக்கும் வரை அல்லது நகர்த்தும் வரை.' நகர்த்தும் வரையாம், பெரியம்மா!"

நேற்று சாயங்காலம் கடை மூடுமுன் தட்டுகளைக் காலி செய்ததோடு இன்பாக்ஸையும் காலி செய்திருக்கிறாள். என் புதன்கிழமைக் குறிப்பையும் அன்றைக்கு எழுதியதையும் அவள் அழிக்கவில்லை; 'திரும்பி வரலாம்' என்ற ஃபோல்டருக்கு நகர்த்தினாள். கண்ணாடி மாட்டிக்கொண்டு போனவர் சரியில்லை என்று திரும்பி வரக்கூடும் என்று நினைக்கும் ஆர்டர்களை அவள் போட்டுவைக்கும் ஃபோல்டர் அது. என் குறிப்புகள் எல்லாம் முதல் நாளிலிருந்து அதில்தான் இருக்கின்றன. இங்கே தட்டிலிருந்து எடுத்த மறுகணம், அங்கே சர்வரிலும் எடுத்துவிடுகிறது புரோகிராம்.

"கம்ப்யூட்டருக்கும் உன் புத்தி வந்துடுச்சு" என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு உள்ள போய் அம்மாவைப் பாருங்க" என்றாள். நான் சிரித்துக்கொண்டே போனேன்.

அந்த டிக்கை எடுத்துவிட்டாள். ஆனால் பழையவை அதனால் திரும்பிவிடாது. மறுபடி கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டாள்.

"நீங்க வச்சிருக்கறது எடுத்துக்கிட்டு வர்ற வழி மட்டும்தான் அக்கா. அதுல திருப்பி வைக்க முடியாது. இன்னொரு வழி இருக்கு, ஐமேப்னு. அது சர்வர்ல இருக்கறதை அங்கேயே வச்சுப் பாக்கற வழி. அதே முகவரியை அந்த வழியிலயும் அதே புரோகிராம்ல சேருங்க. சர்வர் பெட்டி பக்கத்துல தனியாத் தெரியும். உங்க ஃபோல்டர்லேருந்து அதுல நகல் போடுங்க. தேதி மாறாது."

"இழுத்துப் போட்டா?"

"இழுத்தா நகந்துடும். பாதியில லைன் போச்சுன்னா வம்பு. நகலா எடுத்துப் போடுங்க, உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கும். அப்புறம் அக்கா, முதல்ல அம்மா முகவரிக்கு இருக்கற பழைய வழியை நிறுத்திடுங்க. இல்லன்னா நீங்க மேல வைக்க வைக்க அது புது மெயில்னு நினைச்சுக் கீழ இறக்கிக்கிட்டே இருக்கும்."

"நீங்க வந்து செஞ்சு குடுக்க முடியுமா?"

"நான் வெளியூர்ல இருக்கேன். திங்கக்கிழமை வர்றேன்."

"திங்கக்கிழமை எனக்கு அம்மா இருக்கமாட்டாங்க" என்றாள். அவர் பதறிப்போய், "ஐயோ, என்னாச்சு?" என்று கேட்க, விளக்குவதற்கு நேரமில்லாமல் போனை வைத்தாள். பிறகு நான்தான் கூப்பிட்டு, அவர் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஆர்டர் இருந்தது. அவற்றை விட்டுவிட்டு இதில் உட்கார அவளால் முடியாது. சனிக்கிழமை மதியத்தோடு ஷட்டரைப் பாதி இறக்கினாள். யாரோ வந்து தகரத்தைத் தட்டி, மூக்குப் பிடி உடைந்துவிட்டது என்றார். "திங்கக்கிழமை வாங்க" என்றாள். வந்தவரைவிட எனக்குத்தான் அதிர்ச்சி. இந்த வாசலுக்கு வந்த யாரையும் அவள் திருப்பி அனுப்பியதே கிடையாது.

பழைய வழியை நிறுத்தினாள். கடை ஆர்டர் முகவரியை அப்படியே விட்டாள். அதற்கு அந்த வழிதான் சரி. அம்மா முகவரியைப் புது வழியில் சேர்த்தாள். பாஸ்வேர்டு இரண்டு தடவை தப்பாகி, மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி தெரிந்தது. சர்வரில் இருக்கும் பெட்டி. அதில் என் வெள்ளிக்கிழமைக் குறிப்பு ஒன்று மட்டும் இருந்தது.

முதலில் ஒன்றை மட்டும் நகலெடுத்துப் போட்டாள். நான் அந்த வீட்டில் சேர்ந்த முதல் நாள் எழுதியது. பிறகு தன் போனைத் திறந்து பார்த்தாள். அது அங்கே வந்திருந்தது, பழைய தேதியோடு, பட்டியலின் அடியில்.

"வந்துடுச்சு" என்றாள். "இனி வரிசையாப் போடலாம்."

மொத்தமாகத் தேர்ந்தெடுத்துப் போட்டிருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு வாரமாகத் திறந்து, பார்த்து, போட்டாள். தொழில்காரி புத்தி, ஒவ்வொரு லென்ஸையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் அனுப்பமாட்டாள். நான் இடையிடையே உள்ளே போய் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, மசித்த சாப்பாடு ஊட்டிவிட்டு வந்தேன். ஒருதரம் வந்தபோது அவள் கை மவுஸ்மேல் அசையாமல் இருந்தது. திரையில் என் குறிப்பு ஒன்று திறந்திருந்தது.

எது என்று பார்த்ததும் தெரிந்தது. அந்தக் குறிப்பு எழுதிய நாள் மதியம் அம்மா தண்ணீர் கேட்டார். நான் விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தேன். அவள் கடையிலிருந்து அவசரமாக ஓடிவந்து ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மாவுக்கு விழுங்கும் தசை பலவீனம். தண்ணீரை அதற்கான பொடி கலந்து கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். வெறும் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குப் போய்ப் புரையேறி, முகம் கருத்துவிட்டது. நான் ஓடிப்போய் நிமிர்த்தி, முன்னால் சாய்த்து, இருமவைத்து மீட்டேன். ஆஸ்பத்திரிக்குச் சொன்னோம், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க மருந்து தந்தார்கள். குறிப்பில் நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தேன்: 'மகள் கொடுத்த தண்ணீர் கெட்டியாக்கப்படவில்லை.' எனக்கு இப்படித்தான் எழுதத் தெரியும். யார் செய்தது என்று தெரியாமல் குறிப்பு எழுதினால், அடுத்த தடவையும் அதே நடக்கும்.

"இதை அவன் படிச்சா?" என்றாள்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"இதைப் படிச்சுட்டு வேன்ல ஏத்திட்டான்னா?"

"ஏத்தலாம்."

"உங்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்ல வராதா பெரியம்மா?"

"நல்ல வார்த்தை வேணும்னா உன் ஞாயித்துக்கிழமை மெயிலைப் படி. அதுல எல்லாம் நல்ல வார்த்தைதான்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். முந்தைய நாளும் அடுத்த நாளும் இருந்து, நடுவில் ஒரு நாள் இல்லாமல் போனால் தம்பி அதைக் கவனிப்பானா என்று அவள் கணக்குப் போட்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. ரயில் ஓட்டுகிறவன், ஒரு சிக்னல் விட்டுப்போனால் கவனிக்காமல் இருப்பானா?

"தப்பான பவர் போட்டுக் குடுத்தா லென்ஸை மாத்தித்தான் குடுக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நகலை எடுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் கை நிற்கவில்லை. குதிகாலில் புண் வந்த வாரம், அது பெரிதான வாரம், நான் மருத்துவரை வரவழைத்த நாள், தோல் மூட ஆரம்பித்த நாள், அம்மா வலது கையால் கரண்டியைப் பிடித்த நாள் எல்லாம் போயின. தன் ஞாயிற்றுக்கிழமை மெயில்களையும் போட்டாள், அந்த நல்ல வார்த்தைகளோடு.

வெளியே இருட்டுமுன் முடிந்துவிட்டது. தம்பிக்கு ஒரு வரி எழுதினாள்: 'அம்மா பெட்டியைப் பாரு. முதல்லேருந்து எல்லாம் இருக்கு. நான் அழிக்கல, எடுத்து வச்சுக்கிட்டேன். என் தப்பு. வேன்ல ஏறுமுன்னே படி.' அவன் அப்போது வண்டியில் இருந்தான். இறங்கினால்தான் பார்ப்பான்.

கடையை மூடுமுன் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். கம்ப்யூட்டர் முன் வந்து நின்றாள். அம்மாவின் பெட்டி நிரம்பியிருந்தது. கை மவுஸ் பக்கம் போனது. நான் தொண்டையைக் கனைத்தேன். பவர்த் தாள் ஒன்றின் பின்பக்கம் 'அம்மா தட்டு. கை வைக்காதே' என்று தடித்த எழுத்தில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள்.

"வேற யாரும் இந்தக் கம்ப்யூட்டரைத் தொடறதில்லையே" என்றேன்.

"எனக்குத்தான்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. எனக்கு விடுமுறை, ஆனாலும் போனேன். அவள் ஏற்கெனவே அம்மாவுக்கு உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, தலைவாரி முடித்திருந்தாள். பையில் துணி அடுக்கவில்லை. "அடுக்கணும்னா அவன் அடுக்கட்டும்" என்றாள். வாசல் பக்கமே பார்க்காமல் தலையணை உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள்.

தம்பி வேன் இல்லாமல் நடந்து வந்தான். கண்கள் சிவந்திருந்தன, வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறான். பின்கட்டில் போய் சோப்புப் போட்டு முழங்கை வரை கை கழுவினான். அம்மாவின் கட்டில் அருகே போய், போர்வையைக் கால் பக்கம் விலக்கி, இடது குதிகாலைத் தூக்கிப் பார்த்தான்.

"தழும்பு மட்டும்தான் இருக்கு" என்றான்.

"ஆமா" என்றேன்.

"இதுக்குக் கீழ ஒரு சின்னத் தலையணை வைக்கணும்னு எழுதியிருந்தீங்களே நர்சம்மா, அது எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். கெண்டைக்காலுக்குக் கீழே வைத்தான், குதிகால் எதிலும் படாமல் நிற்கும்படி. சரியாகவே வைத்தான். அம்மா அவனைப் பார்த்து ஏதோ சொன்னார்; தண்ணீர் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும்.

"பொடி எவ்வளவு போடணும்?"

அவள் கதவருகே நின்றபடி, "ஒரு கரண்டி. தலை தட்டி" என்றாள். பிறகு, "அந்தத் தண்ணி விஷயம்..." என்று ஆரம்பித்தாள்.

"படிச்சேன்."

"அதைப் படிச்சுமா வேனைக் கூட்டிட்டு வரல?"

"அதுக்கப்புறம் வந்த எல்லாத்தையும் படிச்சேன்." அவன் தம்ளரைக் கலக்கிக்கொண்டிருந்தான், கட்டி விழாமல். "நல்லதா மட்டும் இருந்திருந்தா வேன் இப்ப வாசல்ல நின்னிருக்கும். இனிமே ஞாயித்துக்கிழமை மெயிலையும் நர்சம்மா மாதிரி எழுது. 'நல்லா இருக்காங்க'ன்னு ஒரு வரி எழுதுற வேலையே வேண்டாம்."

"அப்போ நீ வந்து எழுது."

"வர்றேன். லீவு கிடைக்கிற ஞாயிறெல்லாம் வர்றேன்."

கண்ணீரெல்லாம் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் எனக்குக் கவனிக்க நேரமில்லை. அம்மாவை நிமிர்த்திப் பிடித்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி வைக்க வேண்டியிருந்தது. அவன் கரண்டி கரண்டியாகக் கொடுத்தான். ஒவ்வொன்றும் இறங்கும் வரை காத்திருந்தான். பிறகு ஹோமுக்குப் போன் செய்து, கட்டிலை அடுத்து இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடச் சொன்னான்.

அன்றைய குறிப்பை அவனே எழுதினான், கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, தன் போனில், என்னிடம் கேட்டுக் கேட்டு. அனுப்பியதும் அக்காவின் போன் டிங்கென்றது. அவள் திறந்து படித்தாள். படித்து முடித்ததும் பழக்கதோஷம், அதைத் தள்ளி ஒதுக்க விரல் ஓரத்துக்குப் போனது.

"அக்கா, கையை எடு" என்றான் அவன், தலையைத் தூக்காமலே.

எடுத்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தம்ளரைக் கழுவப் போனாள்.